பிரேக் மாஸ்டரின் குடும்பப் படம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று கற்றுக்கொள்பவர் காலடியில், மற்றது பக்கத்து இருக்கையில் வாத்தியார் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தே பாதி ஆயுளைக் கழித்தவர் என்பதால் அவருக்கு பிரேக் மாஸ்டர் என்று பெயர். கியரைப் போடச் சொன்னால் வைப்பரைப் போடுகிறவர்கள், எதிரே லாரியைக் கண்டதும் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறவர்கள், எல்லோருக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "பரவாயில்ல, பதறாதீங்க. மறுபடி பாப்போம்." பொறுமைக்கு இலக்கணம் என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வதை மாஸ்டரும் நம்பிவிட்டார், அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மனைவி இறந்தபோது மகள் கைக்குழந்தையோடு வந்து சில நாள் இருந்தாள். ஒரு காலை குழந்தை பால் டம்ளரைத் தட்டிவிட்டது. மாஸ்டர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவருக்கு இப்போதும் நினைவில்லை. மகள் தரையைத் துடைத்துவிட்டு நேரே பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க குரல் ஏறினாலே எனக்கு இன்னும் எங்கயாவது ஓடி ஒளியணும் போல இருக்குப்பா. என் பொண்ணுக்கு அது வேண்டாம்."

அன்று போனவள்தான், பிறகு வரவே இல்லை. போன் செய்வாள். சாப்பிட்டீங்களா என்பாள், மாத்திரை போட்டீங்களா என்பாள். பேத்தியை எப்போது கூட்டிக்கொண்டு வருவாய் என்று கேட்டால், பாப்போம்பா என்று சொல்லி வைத்துவிடுவாள்.

மாஸ்டருக்கு இது அபாண்டமாகப் பட்டது. தான் எப்போது கத்தினார்? சாட்சி இருக்கிறதே! மனைவி கேமராவும் கையுமாக இருந்தவள். மகள் தவழ்ந்தது, பல் விழுந்தது, பள்ளிக்குப் போனது எல்லாவற்றையும் எடுத்து, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு, டிஸ்க்கில் ஏற்றித் தருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமாக உட்கார்ந்து பார்த்த படங்கள் அவை. அதில் எங்கேயாவது அவர் முகம் சுளித்தது உண்டா? எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கி மகளுக்கு அனுப்பினால் பார்த்துவிட்டு அவளே வருவாள், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருவாள். இதுதான் மாஸ்டரின் கணக்கு.

டிஸ்க்குகளைத் தேடி எடுத்தால் எல்லாவற்றிலும் பூசணம். சரி, மனைவியின் பழைய கம்ப்யூட்டரில் இருக்குமே என்று பார்த்தால் அது உயிரை விட்டிருந்தது. புதுசு வாங்கி, அவள் பயன்படுத்திய எடிட்டிங் புரோகிராமை அதில் போடப் பார்த்தார். அது இனிமேல் ஓடாது என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. அதைத் தயாரித்த கம்பெனியே எப்போதோ கடையைக் கட்டிவிட்டதாம்.

கம்ப்யூட்டர் கடைக்காரி மாஸ்டரிடம் கார் பழகியவள். செத்த கம்ப்யூட்டரைப் பிரித்து ஹார்ட் டிஸ்க்கைப் பிழைக்க வைத்தாள். புது புரோகிராம்கள் நாலைந்தைப் போட்டுக் கொடுத்து, "ஓட்டிப் பாருங்க மாஸ்டர், எது உங்களுக்குக் கைக்கு வருதோ அதை வாங்கிக்கலாம்" என்றாள்.

மாஸ்டரும் வண்டி பார்க்கிற மாதிரியே பார்த்தார். முதலாவது இலவசம். ஆனால் முடித்த படத்தின் நெஞ்சில் குறுக்கே தன் பெயரை எழுதிவிட்டது. என் பொண்டாட்டி முகத்துல எவன் பேரு, என்று அன்றே தூக்கிப் போட்டார். இரண்டாவது எல்லாம் தானே செய்யும் ரகம். மகள் தவழ்வதற்கு டமடமவென்று ஒரு பாட்டைப் போட்டு, கண் இமைப்பதற்குள் படத்தை முடித்துவிட்டது. ஸ்டியரிங்கையே கையில் கொடுக்காத வண்டி என்னத்துக்கு? மூன்றாவதில் விமானத்தில் இருப்பதுபோல் அவ்வளவு பொத்தான்கள். நாலாவது சாதுவாக இருந்தது. கீழே படத்துண்டுகள் வரிசையாக, மேலே பார்க்கிற கட்டம், இடது ஓரத்தில் கத்தரிக்கோல். மனைவியின் பழைய புரோகிராமிலும் கத்தரிக்கோல் அங்கேதான் இருந்தது. இவர் டீ கேட்டால், "கத்தரிக்கோல் கைல இருக்கு, இருங்க" என்பாள். மாஸ்டர் அதையே எடுத்துக்கொண்டார்.

ஆனால் அவள் செய்து வைத்த படங்களை அதில் திறந்தால் வெறும் சிவப்புக் கட்டங்கள்தான் வந்தன. மாஸ்டர் கடைக்கு ஓடினார்.

"இது படம் இல்ல மாஸ்டர்," என்றாள் கடைக்காரி. "எந்தத் துண்ட எங்க வெட்டணும்னு அம்மா குறிச்சு வச்சது. சமையல் குறிப்பு மாதிரி. புது புரோகிராமுக்கு இது புரியாது. ஆனா அவங்க கேமராவுல எடுத்ததெல்லாம் அப்படியே இருக்கு. அதை வச்சு நீங்களே புதுசா சமைச்சுக்கலாம்."

"வெட்டினதெல்லாம் போயிருக்குமே?"

"போகாது. அதுல வெட்டினாலும் மறைஞ்சுதான் இருக்கும். ஒண்ணும் அழியாது."

நல்லதாப் போச்சு, என்று வீட்டுக்கு வந்தார். சைக்கிள் பழகிய படத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தார். அவருக்கு மிகப் பிடித்த படம் அது. மகள் தள்ளாடுவாள், இவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவார், பிறகு ஒரு வேப்பமரம் காற்றில் ஆடும், அடுத்து மகள் தனியாக ஓட்டிக்கொண்டு போவாள். மனைவி எல்லாப் படத்திலும் இப்படி ஒரு மரத்தையோ வானத்தையோ நுழைத்துவிடுவாள். "எதுக்குடி சும்மா சும்மா இந்த மரம்?" என்று அவர் கிண்டல் செய்வார். அவள் சிரித்துக்கொள்வாள்.

மூலத்தை ஓட விட்டார். மகள் தள்ளாடினாள். இவர் ஓடினார். மரம் வரவில்லை. மகள் விழுந்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? மாடு! நேரா பாருன்னு எத்தன தடவ கத்துறது? எழுந்திரு! அழுத, இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்!"

யார் இது இவ்வளவு கேவலமாகக் கத்துவது என்றுதான் ஒரு கணம் நினைத்தார். பிறகு தன் சட்டையை அடையாளம் கண்டார். குழந்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தது, அதாவது அம்மாவைப் பார்த்தது. "ஏங்க, விடுங்க, தெருவுல எல்லாரும்..." என்று மனைவியின் குரல். படம் சரிந்து தரை தெரிந்தது. சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்ததைத் திறந்தார். பிறகு அதற்கும் அடுத்தது. முன்பு வானம் வந்த இடத்திலெல்லாம் இப்போது அவர் இருந்தார். மேகம் வந்த இடத்தில் தட்டு சுவரில் மோதியது. வண்டியில் யார் யாரிடமோ பரவாயில்ல, பதறாதீங்க என்று சொன்ன வாய், வீட்டுக்கு வந்து என்ன பேசியிருக்கிறது என்று மாஸ்டர் உட்கார்ந்து கேட்டார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, இத்தனை நாள் இது தெரியாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோமே என்பதுதான் தாங்க முடியவில்லை. செத்துப்போனவளிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. உயிரோடு இருப்பவளிடமாவது கேட்டுவிட வேண்டும் என்று போனை எடுத்தார்.

"அம்மா எடுத்ததெல்லாம் பார்த்தேன்மா," என்றார். "வெட்டாதத."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நீ சொன்னது சரிதான். உங்கம்மா எல்லாத்தையும் வெட்டி மறைச்சிருக்கா. உனக்குக்கூடத் தெரியாம, பாவம், தனியா உக்காந்து..."

"தனியா இல்லப்பா."

"என்னம்மா?"

"நான்தான் பக்கத்துல உக்காந்திருப்பேன். எங்க வெட்டணும்னு நான்தான் சொல்வேன். இங்க வரைக்கும் அப்பா நல்லாத்தான் இருக்காரு, இதுக்கு மேல வேணாம்மான்னு."

"நீ எதுக்கும்மா...?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஞாயித்துக்கிழமை நீங்க பார்ப்பீங்கல்ல. பார்த்துட்டு மறுபடி கோபம் வந்துடுமோன்னு பயமா இருக்கும்."

பின்னால் பேத்தி எதற்கோ சிணுங்கியது. இதோ வரேன்டா, என்று மகள் அதனிடம் சொன்னாள்.

"ஒரு படம் பண்ணி அனுப்பலாம்னு இருந்தேன்," என்றார் மாஸ்டர். "உனக்காகத்தான். எதையும் வெட்டாம அனுப்பட்டுமா?"

"எனக்கு வேண்டாம்பா," என்றாள் மகள், கோபமே இல்லாமல். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."