முதலாளி வாங்கிக் கொடுத்த சிடி டிரைவ்

நல்லூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் பழைய கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் டிசைன் சிடிகளைப் பார்க்க, பிரவுசிங் சென்டருக்கு ஓடுவேன். டிரைவ் கேட்டால் முதலாளி, "வெட்டிச் செலவுங்க" என்பார்.

தன் மகளின் கல்யாண சிடி வந்ததும் அவரே டிரைவ் வாங்கி வந்தார். எவ்வளவு அற்பமான மனிதர் என்று நினைத்துக்கொண்டே கம்ப்யூட்டரின் கேபினட்டைத் திறந்தேன். உள்ளே அடைந்திருந்த பஞ்சை அள்ளிப் போட்டுவிட்டு, டிரைவை ஸ்க்ரூ வைத்து முடுக்கி, கேபிளைச் செருகினேன்.

மதியம் கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்க்க வேண்டியதாயிற்று. படத்தில் மணப்பெண்ணைவிட முதலாளிதான் அதிகம் வந்தார்.

"படம் நல்லாத் தெரியுதுங்களா?" என்றார்.

"உங்களைத் தவிர வேற யாருமே தெரியலீங்க" என்றேன்.

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, மறுபடியும் போடச் சொன்னார்.