பேச்சில்லாதவர் திறந்து காட்டிய எஞ்சின்

எண்பத்தாறாம் ஆண்டு. நயினாதீவு அம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. சுருவில் ஊரில் எங்கள் வீட்டு வளவுக்குள், என் பழைய டீசல் காரின் முன்பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு முழித்துக்கொண்டு நின்றேன்.

அது ஹயர் ஓடும், வாடகைக்கு ஆள் ஏற்றும் கார். எங்கள் வீட்டில் அடுப்பெரிவது அதனால்தான். அதிலும் திருவிழாக் காலத்தில் நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறைக்குச் சனத்தை ஏற்றி இறக்கும் உழைப்பை வருஷம் முழுக்க எதிர்பார்த்திருப்போம். அந்த நேரம் பார்த்து எஞ்சினின் பல்சில்லுகளைச் சேர்த்துச் சுற்றும் டைமிங் பெல்ட் வெடிப்பு விழுந்து பல் உதிரத் தொடங்கியிருந்தது. ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு வளைந்துவிடும், எஞ்சின் அவ்வளவுதான். அதனால் பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் ஒழுகிய வாட்டர் பம்பையும் டவுனிலிருந்து எடுப்பித்து, நானே மாற்ற இறங்கினேன்.

பழையதைக் கழற்றமுன் பல்சில்லுகள் நின்ற நிலையை வெண்கட்டியால் கோடு போட்டு வைத்தேன். பிறகு வேலை சுத்தமாக இருக்கட்டுமென்று மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். என் கெட்டித்தனத்தைப் பாருங்கள், கோடுகளும் சேர்ந்து போய்விட்டன! பம்பைப் பூட்டும்போது சில்லுகளும் அசைந்துவிட்டன. கம்பனி போட்ட அடையாளமோ துருவுக்குள் தெரியவில்லை. எந்தச் சில்லை எங்கே நிறுத்துவது?

அதே மாதிரிக் கார் ஊரில் இன்னொருவரிடம் இருந்தது. அவரும் ஹயர் ஓடுபவர். துறையில் யார் முதலில் ஆள் ஏற்றுவது என்று தொடங்கிய சண்டையில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷம். நியாயம் யார் பக்கம் என்பது இன்றைக்கும் தீரவில்லை. என் மனைவி எனக்குச் சொல்லாமல் அவர் வீட்டுப் படலை வாசலில் போய் நின்று உதவி கேட்டிருக்கிறாள்.

அவர் காரோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தன் காரை என் காருக்கு முன்னால் நிறுத்தி, ஒரு பழுதுமில்லாத எஞ்சினின் பெல்ட் மூடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, இவரிட்டைச் சொல்லும், என்ர சில்லு நிக்கிறதைப் பாத்து அப்பிடியே வைக்கட்டாம்."

மனைவி என் பக்கம் திரும்பி அதை அப்படியே ஒப்புவித்தாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன்.

"சரியெண்டு சொல்லு" என்றேன்.

இப்படியே பெல்ட்டும் ஏறியது, டென்ஷனரும் இறுகியது. மனைவிக்கு அலுத்துவிட்டது. "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

எனக்குப் பொறுமை இல்லை. சீற்றில் ஏறி, ஸ்டார்ட் பண்ணத் திறப்பைப் போட்டேன். அவர் குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"டேய், திருப்பாதை! முதல்ல கையால சுத்திப் பார்!"

கை அப்படியே நின்றது. இறங்கிப் போய் ஸ்பானரைப் பூட்டி எஞ்சினை மெல்லச் சுற்றினேன். பாதியில் இரும்பில் இரும்பு முட்டி நின்றது. பெல்ட்டை இறுக்கும்போது மேல் சில்லு ஒரு பல் தள்ளிப்போயிருந்தது. திறப்பைத் திருப்பியிருந்தால் வால்வெல்லாம் வளைந்திருக்கும்.

"தள்ளு, நான் சில்லைப் பிடிக்கிறன். நீ பெல்ட்டை இளக்கு" என்றார். இருவருமாகத் திரும்பப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம். தட்டவில்லை. பிறகுதான் ஸ்டார்ட் பண்ணினேன். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன். குடித்துவிட்டுத்தான் போனார்.

அந்தத் திருவிழாவுக்கு இரண்டு காரும் ஓடின. அவர் பேசாமல் நின்றிருந்தால் அவ்வளவு உழைப்பும் அவருக்கே போயிருக்கும், குற்றம் சொல்லவும் யாராலும் ஏலாது. அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று இப்போதும் என்னையே கேட்பேன். ஓம் என்று சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.