வால்வு மூடியதாகச் சொன்ன திரை

எங்கள் ஐஸ் தொழிற்சாலையின் பழைய கொம்பியூட்டர் ஒருநாள் காலை புகைவிட்டுச் செத்தது. திருகோணமலைத் துறைமுகத்துப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் இடம் அது. தண்ணீரை உறையவைக்கும் அமோனியா வாயு ஓடும் குழாய்களின் வால்வுகளைத் திறந்து மூடியது அந்தக் கொம்பியூட்டரில் இருந்த புரோகிராம்தான். சண்டைக் காலம். அதே மாதிரிப் பழைய மெஷின் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் மனேஜர் தன் புதுக் கொம்பியூட்டரில் ஓர் எமுலேட்டரைப் போட்டார். புது மெஷினைப் பழைய மெஷின்போல நடிக்கவைக்கும் மென்பொருள் அது. பழைய புரோகிராம் அதற்குள் ஓடியது. திரையில் எல்லாம் பச்சை. உடனே தேங்காய் உடைத்து, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

நான் எலெக்ட்ரிக்கல் பிரிவு டெக்னீஷியன். "வால்வுகளை ஒருக்காச் சோதிச்சுப் பாப்பம் சேர்" என்றேன்.

"நீர் பழைய காலத்து ஆள்" என்றார். எனக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை.

அன்றே ஒரு குழாயின் ஃபில்டரை மாற்ற வேண்டியிருந்தது. மனேஜர் வால்வை மூடும் கட்டளையைக் கொடுத்தார். மூடிவிட்டதாகத் திரை சொன்னது. கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் ஒப்பரேட்டர் நவாஸ் நானா முதல் நட்டைத் தளர்த்தினார். வாயு சீறியது. நட்டைத் திரும்ப இறுக்கிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"கண் எரியுது தங்கச்சி."

தண்ணீர்க் குழாயடியில் அவர் கண்ணைக் கழுவ வைத்தேன். மனேஜர் வாசலில் நின்றே கத்தினார்.

"அது மிஞ்சிக் கிடந்த காஸ். மூடியிருக்கெண்டு திரையில வடிவாக் காட்டுது. கழட்டச் சொல்லும்!"

குழாயின் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தேன். முள் கொஞ்சமும் இறங்கவில்லை. ஸ்பானரைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தேன்.

"மூடியிருக்கெண்டால் நீங்களே கழட்டுங்கோ சேர்."

"எனக்கு ஏலாது. நான் மனேஜர்."

"அப்ப நவாஸ் நானாவுக்கும் ஏலாது."

ஸ்பானரை நிலத்தில் வைத்துவிட்டு அலுவலகத்துக்குள் போனார். அதே குழாயில் கையால் திருகி மூடும் வால்வும் ஒன்று இருந்தது; அதை நான் மூடினேன். அதன் பிறகுதான் கேஜின் முள் இறங்கியது.

காரணம் சின்னது. பழைய புரோகிராம் ஒரு கட்டளைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு குறித்த எண்வரை எண்ணிக்கொண்டு காத்திருக்கும். புது மெஷின் அதைக் கண்மூடித் திறக்குமுன் எண்ணி முடித்தது. வால்வுகளை இயக்கும் பெட்டி முதல் கட்டளையை வாங்குமுன் அடுத்தது போய் விழுந்தது. திரை, தான் அனுப்பியதைக் காட்டியதே தவிர, நடந்ததை அல்ல. எமுலேட்டரின் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வால்வையும் கேஜோடு சரிபார்த்த பிறகே ஓடவிட்டேன்.

நவாஸ் நானாவின் கண் மெல்ல மெல்லச் சுகமானது. மனேஜர் 'நவீனமயமாக்கியதற்காக'ப் பதவி உயர்வோடு கொழும்புக்குப் போனார்.

இப்போது வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். திரையை நம்பி எவரையும் குழாய் திறக்க அனுப்பாதீர்கள். அனுப்பச் சொல்கிறவரை முதலில் குழாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லுங்கள். அநேகமாக அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு டெலிபோன் வரும்.