மின்னிய கல்லாகப் பார்த்து

ஈயமும் துத்தநாகமும் வெள்ளியும் பாறைக்குள் நரம்பாக ஓடிய மலையில், சோதனைக்குக் கல் வெட்டி அனுப்புவது மாதிரிக்காரரின் வேலை. நரம்பின் குறுக்கே வெட்டி, நல்லதும் சப்பையும் சேர்த்தே பையில் போட வேண்டும். காய்கறிக் கடைப் பழக்கம் விடுமா? மின்னிய கல்லாகப் பார்த்துப் பொறுக்கிவிட்டார். சோதனை முடிவில் வெள்ளி மழையாகக் கொட்டியது. கம்பெனி துள்ளிக் குதித்து ஆழத் துளையிட்டது. உள்ளே வெறும் வெள்ளைக்கல்! முகாமே கலைந்தது. அங்கே துளைபோட்ட அவருடைய மைத்துனருக்கும் வேலை போயிற்று.

"மலை நம்மள ஏமாத்திருச்சு மச்சான், விடுங்க" என்று மைத்துனர்தான் அவரைத் தேற்றினார்.

மறுநாள் கடையில் மாதிரிக்காரர் கைக்கு வந்த தக்காளியை அப்படியே வாரி வந்தார்.

"பாதி அழுகல்! பாத்துப் பொறுக்கி எடுத்தா கை தேஞ்சுருமா?" என்றாள் மனைவி.

பக்கத்திலிருந்த மைத்துனர் சிரித்தார். மாதிரிக்காரர் தலை நிமிரவில்லை.

"பொறுக்கி எடுத்துத்தாண்டி உன் தம்பி வேலைக்கு உலை வச்சேன்."