மருந்தை முறித்தவள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமாகி முதலமடைக்கு வந்த ஒரே மாதத்தில் அது அக்கம்பக்கத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட நான் மூன்று வாரம் வாயே திறக்காமல் நடமாடினேன் என்றால் என் பிள்ளைகள்கூட நம்புவதில்லை.

1970களின் நடுவில் என் மாமியாருக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மிச்சத்துக்கு மாத்திரை. மாதத்தில் சில நாள் விழுங்க வேண்டும். முதல் சில மாதம் நல்ல பலன். நீர் கோத்து நிறைமாதம் போல இருந்த வயிறு வற்றியது. தானே மாந்தோப்புக்கு நடந்துபோய், காய் பறிக்கிற ஆட்களை ஒரு அதட்டு அதட்டிவிட்டு வந்தார். அந்த அதட்டலைக் கேட்க எங்களுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் மாத்திரை வாயெல்லாம் புண்ணாக்கிவிட்டது. கஞ்சி கூட எரிந்தது. எங்கள் அம்மா வீட்டில் வாய்ப்புண்ணுக்கு அகத்திக்கீரைதான். வேலியோரம் மாட்டுக்காக வளர்த்திருந்த மரத்தில் பறித்து, தேங்காய்ப்பால் விட்டு வேகவைத்துக் கொடுத்தேன். நாலைந்து நாளில் புண் ஆறி, மறுசோறு கேட்டுச் சாப்பிட்டார். என் கைவைத்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த மாதம் வயிறு மறுபடி உப்பியது.

கொல்லங்கோட்டிலிருந்து பார்க்க வந்த நாத்தனார், அம்மாவுக்கு என்னென்ன சமைத்தாய் என்று துருவித் துருவிக் கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை, சொன்னேன்.

"மருந்து திங்கறவங்களுக்கு யாராச்சும் அகத்தி போடுவாங்களா? எங்கம்மாளுக்கு மருந்தையே முறிச்சுப்போட்டயே!"

அகத்தி மருந்தை முறிக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதெல்லாம் நாட்டு மருந்துக்குத்தான், இங்கிலீஷ் மாத்திரையை என்ன செய்துவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு உயிரை நான்தான் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று நம்பினேன். மாமியார் மட்டும் என் கையால் வைத்ததைத்தான் சாப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

மூன்று வாரம் கழித்து எல்லோருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாத்தனாரும் கணவரும் வெளியே நிற்க, மாமியாரைத் தாங்கிக்கொண்டு நான் உள்ளே போனேன். டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த மாத்திரை இனிமே வேலை செய்யாதும்மா" என்றார்.

எனக்கு அழுகை பீறிட்டது. "நாந்தானுங்க அகத்திக்கீரை போட்டேன். நாந்தான் மருந்தை முறிச்சுட்டனுங்க."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதற்கே அவரைக் கும்பிட வேண்டும்.

"கீரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. கட்டியில இருக்கற உயிரணுவெல்லாம் ஒரே மாதிரி இல்ல. மருந்துக்குச் சாகறது செத்துப்போச்சு. சாகாதது கொஞ்சம் இருந்திருக்கு, அதுதான் இப்பப் பெருகிடுச்சு. யாருக்கு மருந்து கேக்கும், யாருக்குக் கேக்காதுன்னு முன்னாடியே காட்டற அடையாளம் எதுவும் எங்க கையில இல்ல."

அந்த அடையாளங்களை இப்போது அணுவுக்குள்ளேயே போய்த் தேடுகிறார்களாம். பத்திரிகையில் அதைப் படிக்கும்போதெல்லாம், தங்களுக்குத் தெரியாது என்பதைக் கூசாமல் சொன்ன அந்த டாக்டரம்மாவை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். வேறொருவராக இருந்தால் பழியை என் தலையிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்.

பிறகு டாக்டரம்மா மாமியார் பக்கம் திரும்பி, "கேக்கறதுக்கு ஏதாவது இருக்காம்மா?" என்றார். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்தேன். டாக்டரம்மாவும் அதற்குத்தான் தயாராக இருந்தார் போல.

மாமியார் மெல்ல எழுந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க. எம்பட மகனும் மகளும் வெளிய நிக்கறாங்க. இப்ப இவகிட்டச் சொன்னீங்கல்ல, அதை அவங்களையும் கூப்புட்டு ஒருக்காச் சொல்லிப்போடுங்க. நான் போனதுக்கப்பறமும் இந்தப் புள்ள அந்த ஊட்டுலதான இருக்கோணும்."