முப்பதாம் நாளின் மண்

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மூன்றடி நீளக் கம்பி ஒன்று சாய்ந்து நிற்கிறது. கட்டட வேலை செய்தவர்கள் மீதம் போட்டுவிட்டுப் போன கம்பி. பிடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். மறுமுனை மண்ணுக்குள் போய்ப் போய் வந்து வழவழவென்று தேய்ந்துவிட்டது. நான் ஊட்டியில் ஒரு நர்சரியில் உரமண் கலக்குகிறவன். சாணமும் புண்ணாக்கும் சேர்த்துக் கலந்து குவித்த மண் உள்ளுக்குள் சூடேறும். அந்தச் சூடு அடங்குவதற்கு முன் செடி வைத்தால் வேர் வெந்துவிடும். குவியலின் நடுவில் இந்தக் கம்பியைச் செருகி, ஒரு டீ குடிக்கும் நேரம் விட்டு, உருவி எடுத்து மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பேன். கைக்குழந்தைக்குப் பால் ஆறிவிட்டதா என்று பார்ப்பதுபோலத்தான். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இந்தக் கம்பி என் மணிக்கட்டைச் சுட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளை நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேச்சு எனக்கு எப்போதுமே வராது. நர்சரிக்கு வருகிறவர்கள் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டுமென்றால் காது சூடாகிவிடும். அதனால்தான் பூச்செடி விற்கும் பக்கம் என்னை நிறுத்தாமல் பின்புறத்தில் மண்ணோடு விட்டிருந்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. மண்ணிடம் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சார் அங்கே வந்தது ஒரு வைகாசி மாதம். பெர்ன்ஹில்லில் குடியிருந்தவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், ஏதோ ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பூக்களை ஏறிட்டும் பார்க்காமல் நேராகப் பின்பக்கம் வந்து நின்றார். கையில் பாலித்தீன் உறைக்குள் ஒரு தாள். இணையத்திலிருந்து அச்செடுத்தது, முழுக்க ஆங்கிலம். "தம்பி, தண்ணி மட்டும் ஊத்துனாப் போதும், வேற எதுவுமே போட வேண்டாம்ங்கற மாதிரி ஒரு மண்ணு இருக்குதாம். கலக்க முடியுமாப்பா?" என்றார். முடியும். ஒரு செடி பிறந்து சாகும்வரை தின்ன வேண்டியதை எல்லாம் முதலிலேயே மண்ணுக்குள் போட்டு வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். மட்கிய சாணம், மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, எலும்புத்தூள், மீன்தூள் என்று சார் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, நான் தலையாட்டினேன். நர்சரிக்காரன் முதலில் கேட்க வேண்டியது என்ன செடி என்பதைத்தான். நான் கேட்கவில்லை. அவரே, "தக்காளிதானப்பா" என்றார். ஊட்டியில் மழை தொடங்கப்போகிற நேரத்தில் யாரும் தக்காளி வைக்கமாட்டார்கள். "சரிங்க" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டு விறகுக் கொட்டகையில் கலக்கத் தொடங்கினேன். கொட்டகைக்கு எதிரே சமையலறை ஜன்னல். அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, தலையில் மப்ளர் என்று ஒரு பொதிபோல உட்கார்ந்திருந்தார் சாரின் மனைவி. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அந்தத் தெருவுக்கே அவர் டீச்சர். எனக்கும் டீச்சர். மீன்தூள் மூட்டையைப் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனால் ஜன்னலை மூடவில்லை.

"ஏனுங்க, தக்காளின்னா சொல்லி வெச்சிருக்கீங்க இந்தத் தம்பிகிட்ட?"

சார் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, பொய் சொல்றதுக்கு இந்த மனுசனுக்கு மொகம் பத்தாது. அது கஞ்சாச் செடிப்பா. முப்பது வருசம் பசங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக் குடுத்துட்டுக் கடைசீல நான் பாக்கற வேலயப் பாத்தியா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் அறுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சற்று நேரம் கழித்து நிமிர்ந்தார். "போலீஸ் வந்தா நாந்தான்னு சொல்லீருங்க. கூட்டிட்டுப் போயி என்ன பண்ணுவாங்க? அவங்கதான் எனக்குக் கஞ்சி காச்சி ஊட்டோணும்."

செடி வளர்த்தால் ஜெயில் என்பது எனக்கும் தெரியும். மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. டீச்சருக்கு வயிற்றில் புற்றுநோய். கோயம்புத்தூரில் பல மாதம் மருந்து ஏற்றி, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மாத்திரையில் வலி கொஞ்சம் அடங்கியது. ஆனால் ஒரு கரண்டி ரசம் சோறு உள்ளே நிற்கவில்லை. அந்த இலை வாந்தியை நிறுத்தும், பசியைக் கொடுக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்க சாருக்குத் துணிவில்லை. வெளியே போய்த் தேடி வாங்கவும் தெரியவில்லை. எப்படியோ ஐந்து விதைகள் மட்டும் கைக்கு வந்திருந்தன. அதில் மூன்று முளைத்தன. உரத்தின் வாசம் பட்டாலே டீச்சருக்குக் குமட்டும் என்பதால்தான், பிறகு எதுவும் போட வேண்டாத மண் வேண்டும் என்றார் சார். தண்ணீர் ஊற்றும் வேலையை டீச்சர் யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை. அதற்கென்று ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் மக் வாங்கி வைத்திருந்தார். அவர் கையால் தூக்க முடிந்த பாரம் அந்த மக் அளவுதான்.

கலந்து முடித்து, ஈரம் பார்த்து, தார்ப்பாயால் மூடினோம். தாளைப் பார்த்து சார் சொன்னார்: "முப்பது நாள் வெக்கோணுமாம்." காலண்டரில் ஒரு தேதியை வட்டமிட்டார். அந்தக் கணக்கு தவறு என்று எனக்கு அப்போதே தெரியும். தாளை எழுதியவர் வெயிலுள்ள ஏதோ ஊர்க்காரராக இருக்க வேண்டும். கூடலூர்ப் பக்கம் என்றால் ஒரு மாதத்தில் இந்தக் கலவை அடங்கிவிடும். ஊட்டிக் குளிரில், அதுவும் மழைக் காலத்தில், இரண்டு மாதத்துக்குக் குறைந்து அடங்காது. மண்ணே இங்கே மெதுவாகத்தான் வேலை செய்யும். இதைச் சொல்வதற்கு நான்கைந்து வார்த்தைகள் போதும். ஆனால் அச்சடித்த ஒரு தாளுக்கு முன்னால், அதுவும் இங்கிலீஷில், என் நாக்கு எழவில்லை. படித்தவர் தேதி குறிக்கிறார், ஐந்தாம் வகுப்புக்காரன் என்ன சொல்ல? அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் போய் மண்ணைப் புரட்டிப்போட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அதையே நினைத்தேன்.

டீச்சர் ஜன்னலிலிருந்து பேசிக்கொண்டே இருப்பார். "இத்தன நேரமா மண்ணையே பாக்கறியே, அது உங்கிட்டயாவது பேசுதா?" என்பார். "எங்கிளாஸ்ல நீ இருந்திருந்தா பேச வெச்சிருப்பேன்" என்பார். நான் சிரிப்பேன். அவர் முகம் வாராவாரம் சிறுத்துக்கொண்டே வந்தது. நாற்றுகள் மூன்றும் ஜன்னல் திட்டில், டீ கப்புகளில், அவர் கைக்கெட்டும் இடத்தில் நின்றன. அதைப் பார்க்கும்போது மட்டும் அவர் கண் பழைய அளவுக்கு விரியும்.

முப்பதாம் நாள் ஆனி மாதத்து ஞாயிறு. மழை ஊசிபோல விழுந்துகொண்டிருந்தது. நான் முன்னதாகவே போய்க் கம்பியைச் செருகியிருந்தேன். உருவி மணிக்கட்டில் வைத்தேன். சுட்டது. கையை உதறிக்கொண்டபோது சார் குடையோடு கொட்டகைக்குள் வந்தார். தார்ப்பாயை விலக்கி, மேல்மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஜில்லுன்னு இருக்குதேப்பா."

ஊட்டியில் அந்த மாதத்தில் எதன்மேல் கை வைத்தாலும் ஜில்லென்றுதான் இருக்கும். கம்பி என் கையில் இருந்தது. நீட்டியிருந்தால் போதும், பேசக்கூட வேண்டியதில்லை.

"முப்பது நாள் ஆச்சல்ல?"

"ஆச்சுங்க சார்."

"அப்ப எடுத்துருலாமா? கப்புல வேரெல்லாம் வெளிய வந்துருச்சு. அவ வேற காலைல இருந்து மக்கத் தூக்கி மடியில வெச்சுட்டு உக்காந்துட்டிருக்கா."

ஜன்னலைப் பார்த்தேன். டீச்சர் மக்கைத் தூக்கிக் காட்டினார், கோப்பை வாங்கியவர்கள் காட்டுவதுபோல.

"சரிங்க" என்றேன். கம்பியை ஈரப் புல்லில் எறிந்தேன். புல்லில் அது சட்டென்று ஆறிப்போயிருக்கும்.

மூன்று செடிப் பைகளில் அந்த மண்ணை நிரப்பி நாற்றுகளை நட்டுக்கொடுத்தேன். டீச்சர் எழுந்து, சாரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு செடிக்கும் ஒரு மக் தண்ணீர் ஊற்றினார். அன்று மூன்று வாய் இட்லி சாப்பிட்டார் என்று சார் சொன்னார். செடி இன்னும் ஒன்றுமே செய்யவில்லை. அதற்குள் மூன்று வாய்.

அடுத்த ஞாயிறு போனபோது இலை நுனிகள் மஞ்சளாகி, பழுப்பாகி, கழுகின் நகம்போல உள்ளே வளைந்திருந்தன. தண்ணீர் பத்தவில்லை என்று நினைத்து இரண்டு பேரும் இன்னும் ஊற்றியிருக்கிறார்கள். ஊற்ற ஊற்ற உரம் கரைந்து வேரை இன்னும் சுட்டிருக்கிறது. மேல்மண்ணை வழித்து எடுத்தேன், வெறும் செம்மண்ணில் மாற்றி நட்டேன், தெரிந்ததையெல்லாம் செய்தேன். வேர் கையோடு வந்தது, வேகவைத்த கீரைத்தண்டு மாதிரி. "என்னப்பா ஆச்சு?" என்று சார் கேட்டார். "மழைக் குளிருங்க" என்றேன். அதுவரை ஒருவர் கேட்டதற்கு நானாக யோசித்துச் சொன்ன பதில் அது ஒன்றுதான். அதுவும் பொய்.

பதினைந்து நாளில் மூன்றும் போயின. வேறு விதை கிடைக்கவில்லை. ஆடி மாதக் கடைசியில் ஒருநாள் டீச்சர் என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார். குரல் நூல்போல ஆகியிருந்தது.

"தம்பி, நெசமாச் சொல்லு. மண்ணுல ஏதாச்சும் கோளாறா?"

சார் அந்தப் பக்கம் வெந்நீரை ஆற்றிக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லீங்க டீச்சர்."

"அப்ப எனக்குத்தான் கொடுப்பினை இல்ல" என்றார். பிறகு என்னைத் தேற்றுவதுபோல, "நீ நல்லாத்தான் கலந்த, நான்தான் பாத்தேனே" என்றார்.

ஆவணியில் போய்விட்டார். கடைசி நாட்களில் தண்ணீரும் இறங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். சார் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனிடம் கோயம்புத்தூருக்குப் போனார். போகும்முன், "அந்த மண்ண நீயே எடுத்துக்கப்பா" என்றார். புரட்டாசியில் போனேன். பாதிக்கு மேல் குவியல் அப்படியே கிடந்தது. கம்பியைச் செருகி, டீ குடிக்கும் நேரத்துக்கும் கூடுதலாகவே நின்று, உருவி மணிக்கட்டில் வைத்தேன். குளிர்ந்திருந்தது. மண்ணை அள்ளினால் மழை பெய்த காட்டின் வாசம். நான் கலந்ததிலேயே நல்ல மண் அதுதான். என் மனைவி அதில் அவரைக்கொடி போட்டாள். தண்ணீர் தவிர ஒன்றும் ஊற்றவில்லை. கொடி கூரையேறிக் கொத்துக்கொத்தாகக் காய்த்தது. "இது என்ன மண்ணுங்க, இப்படிக் காய்க்குது?" என்று கேட்டுக்கொண்டே பொரியல் வைத்தாள். தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன்.

அந்தச் செடி வளர்ந்து பூத்துப் பயன்படும் நிலைக்கு வர நான்கைந்து மாதம் ஆகும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பிழைத்திருந்தாலும் டீச்சருக்கு எட்டியிருக்காது. எட்டியிருந்தாலும் உதவியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. இதை எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. காலையில் எழுந்து ஒரு பச்சைச் செடிக்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றும் வேலை அவருக்கு இருந்தது. ஆவணி வரை அது இருந்திருக்கும். அதை வேக வைத்தவன் நான். அதற்கும் மேலே, தன் தலையெழுத்தே காரணம் என்று நினைத்துக்கொண்டு அவர் போகும்படி விட்டேன்.

அடுத்து வந்த பொங்கலுக்கு சார் போன் செய்தார். "உன்னையத் தவிர அந்த விசயம் யாருக்கும் தெரியாதப்பா. பேசோணும்னா உங்கிட்டத்தான் பேசோணும்" என்றார். பிறகு "அந்த மண்ணு என்னாச்சு?" என்று கேட்டார். "நல்லாருக்குங்க சார்" என்றேன். அதன் பிறகும் அவர் போனை வைக்கவில்லை. மூச்சு கேட்டது. நான்தான் வைத்தேன்.

நேற்று நர்சரியில் புதிதாகக் கலந்த மண்ணில் கம்பியைச் செருகியிருந்தேன். ஒரு பெண்மணி ரோஜாத் தொட்டிக்கு மண் கேட்டு நேராகப் பின்பக்கமே வந்துவிட்டார். அவசரமாக வேண்டும் என்றார். கம்பியை உருவி மணிக்கட்டில் வைத்தேன். சுட்டது. காது சூடாகி, கடைசியில் சொல்லிவிட்டேன்.

"இன்னும் ஆறலீங்க."

"அப்படீங்களா? சரிங்க, பதினஞ்சு நாள் கழிச்சு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அவர் போன வழியைப் பார்த்தபடி, கம்பி கையிலேயே ஆறிப்போகும்வரை நின்றேன். பிறகு துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்.