மருதாணி தின்ற யானை

அனுஷியாவுக்கு ஊர் வைத்த பெயர் லத்தி டீச்சர். மாத்தளைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, விஜேந்திரனைக் கட்டிக்கொண்டு பல்லேகமைக்கு வந்தவள் யானை லத்தி அள்ளுகிற வேலைக்குப் போனால் ஊர் சும்மா இருக்குமா? புருஷன் வீட்டுச் சொந்தக்காரர்கள் கொஞ்ச நாள் அவள் கையால் தேத்தண்ணி குடிக்கவே யோசித்தார்கள். "குடிக்காட்டி விடுங்க, சீனி மிச்சம்" என்றாள். அதற்குப் பிறகு எல்லோரும் குடித்தார்கள்.

வேலை இதுதான். யானை காட்டோரத்தில் போட்டுவிட்டுப் போன லத்தியை உடைத்து, நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, மருந்து ஊற்றிய குப்பிக்குள் போட வேண்டும். வெளியில் மண்ணும் சருகும் ஒட்டியிருக்கும். நடுவில் இருப்பதுதான் வயிற்றிலிருந்து வந்தது. யானை தின்ற செடிகளின் மரபணு அதில் மிச்சமிருக்கும். ஆய்வுகூடத்தில் அதைப் பிரித்துப் பார்த்து இன்னின்ன செடி என்று சொல்லிவிடுவார்கள். இந்த ஆராய்ச்சியை நடத்துகிறவர் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் சிங்களப் பெண்மணி தினுஷா.

அந்தப் போகத்தில் ஒரு தனியன் யானை ஊரைப் படாத பாடு படுத்தியது. அதைப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும் என்று விவசாயச் சங்கம் ஒற்றைக் காலில் நின்றது. ஊசி போட்டுச் சாய்த்து, சங்கிலி மாட்டி, லொறியில் ஏற்றுவார்கள். அதில் பிழைக்காத யானைகளும் உண்டு. அந்த நேரம் பார்த்து ஆய்வு முடிவு வந்தது. தனியனின் லத்தியில் நெல், மஞ்சள், மருதாணி.

"பாத்தியா, வயலை முடிச்சுட்டு வீட்டுத் தோட்டத்துக்குள்ளயும் பூந்துட்டான்" என்றான் விஜேந்திரன். "இதைக் காட்டினா நாளைக்கே புடிச்சிருவாங்க."

நெல்லை அனுஷியா நம்பினாள். அவர்கள் குத்தகைக்கு எடுத்த வயலையே அது துவைத்துப் போட்டிருந்தது. ஆனால் மஞ்சளும் மருதாணியும் யார் வீட்டில் காணாமல் போயின? ஒரு மிளகாய் பறித்தால் பொழுது சாயும்வரை ஏசுகிற ஊர் இது. மஞ்சள் பாத்தியை யானை கிண்டியிருந்தால் சத்தம் மாத்தளை வரை கேட்டிருக்கும்.

அந்த லத்தி காட்டோரத்து வீட்டுப் பாப்பம்மாவின் களத்தில் கிடந்தது. வாசலிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று கூப்பிட்டுக் கொடுத்தவளும் அவள்தான். மஞ்சளும் மருதாணியும் சேர்த்து அரைப்பது வெடித்த காலில் பூசத்தானே. அனுஷியா நேரே போய்ப் பாப்பம்மாவின் கால்களைப் பார்த்தாள். பாதம் செக்கச்செவேல் என்றிருந்தது.

"அக்கா, அந்த லத்தியை மிதிச்சீங்களா?"

பாப்பம்மா கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "பித்தவெடிப்புக்கு அதுதானே மருந்து. சூடு ஆறுறதுக்குள்ள காட்டோரத்துல இருந்து அள்ளியாந்து களத்துல போட்டு மிதிச்சேன். காலுல மஞ்சளும் மருதாணியும் அரைச்சுப் பூசியிருந்தேன். பெறகுதான் ஒன் ஞாபகம் வந்துச்சு. பாவம், புள்ள வெயில்ல அலையுமேனு மறுபடி உருட்டி வச்சேன்."

நன்றாகத்தான் உருட்டியிருந்தாள், கொழுக்கட்டை பிடித்த மாதிரி. கதிரைச் சூடடித்த களத்து நெல்லும் வைக்கோலும் அதன் நடுவுக்கே போயிருந்தன. அனுஷியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இந்தக் கொழுக்கட்டைக்காக ஒரு உயிரைச் சங்கிலியில் கட்டப் போகிறார்கள் என்று நினைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

அவள் சொன்னதை விஜேந்திரன் கேட்டுவிட்டு, "வாய மூடிக்கிட்டு இரு" என்றான். "எப்புடியோ அவன் போனா சரி. நம்ம வயல் நாசமானது பொய்யா?"

"அது பொய் இல்லங்க. இது பொய்."

"நீ எந்திரிச்சுப் பேசுனா நாளைக்கு எனக்கு ஒருத்தனும் வயல் குத்தகைக்குத் தரமாட்டான்."

அது வெறும் மிரட்டல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பயமாகவும் இருந்தது. ஆனாலும் சங்கக் கூட்டத்தில் தினுஷா முடிவை வாசித்ததும் எழுந்து நின்றாள்.

"அந்தக் குப்பியைக் கணக்கில் எடுக்காதீங்க, மிஸ்" என்றாள் சிங்களத்தில். "அந்த லத்தியை மனுஷக் கால் மிதிச்சிருக்கு. நடுவுல இருந்ததும் சுத்தமில்லை."

"யார் மிதிச்சது? பேரைச் சொல்லு" என்று தலைவர் அதட்டினார். யானைக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்.

"பேர் எதுக்கு? குப்பியில போட்டது நான். கெட்டுப்போனதுன்னு நானே சொல்றேன். வயலை மிதிச்சதுக்குப் பிடிக்கணும்னா, அதைச் சொல்லிக் கேளுங்க. பொய்யை வச்சுப் பிடிக்க நான் விடமாட்டேன்."

விஜேந்திரன் தலை குனிந்துகொண்டான். பெண்கள் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. பாப்பம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சிவந்த பாதத்தைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்தாள். "நான்தான் மிதிச்சேன். யானை மேல பழி போடாதீங்க" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தினுஷா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குப்பியின் முடிவை நீக்கிவிட்டு, புதிதாக எடுத்துப் பார்த்த பிறகே பேசலாம் என்று சொல்லிவிட்டார்.

வீடு வரும்வரை விஜேந்திரன் முன்னால் நடந்தான். வாசலில் வந்துதான் திரும்பினான்.

"புதுசா எடுக்குறதுலயும் நெல்லு வந்தா என்னா செய்வ?"

"அதையும் நான்தான் எந்திரிச்சுச் சொல்லுவேன்" என்றாள் அனுஷியா. "அன்னைக்கும் யாரு தடுத்தாலும் கேக்க மாட்டேன்."